ஒரு மாதத்தில் கிளவுட் கணக்கை மூடிவிடலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். எட்டு வருடப் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு, புகைப்படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், கூடவே சொந்த மெயில் சர்வர் என்று எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு மாதத்துக்குள் கிளவுட் கணக்கை மூடிவிட நினைக்கிறீர்கள். எதை முதலில் நிறுவ வேண்டும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘வீட்டில் எல்லார் படமும் இதில்தான் இருக்கும், அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியே அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. வீட்டாரின் படங்களுக்கு நான் பொறுப்பேற்கலாமா, ஏதாவது உடைந்தால் என்ன ஆகும்? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். எதை நிறுவுவது என்பது அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடமாக வீட்டில் சர்வர் ஓட்டுகிறேன். இப்போது ஓடுவது மூன்றாவது மெஷின். இது என் தொழில் இல்லை. மாலை நேரங்களில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு ஓட்டிய அனுபவம் மட்டுமே என்னிடம் இருக்கிறது. இருபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கோ, மற்றவர்களின் தகவலை வைத்திருக்கும் தொழிலுக்கோ நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேரடிப் பதில்: லேப்டாப் போதும். படங்களை அதில் வைக்கலாம். மெயில் சர்வர் வேண்டாம். ஒரு மாதத்தில் கணக்கை மூடாதீர்கள், ஒரு வருடம் இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். அந்த வருடக் கடைசியில், சர்வரை அணைத்து வைத்துவிட்டு, வேறொரு காலி மெஷினில் பேக்கப்பிலிருந்து எல்லாப் படங்களையும் உங்களால் திரும்பக் கொண்டுவர முடிந்தால், அன்றைக்கு மூடுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் என் வீட்டில் நடந்த ஒன்று. ஆரம்பத்தில் என் சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் இணைத்திருந்தேன். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது இருக்கும் என்ற நிம்மதி. ஃபோனிலிருந்து படங்கள் வருவதற்கு சிங்க்திங் வைத்திருந்தேன். அருமையான மென்பொருள், இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை இரு பக்கமும் ஒத்திசைக்கும்படி அமைத்திருந்தேன். ஒரு நாள் என் மனைவியின் ஃபோனில் இடம் நிறைந்துவிட்டது. ‘எல்லாம் சர்வரில் இருக்கிறது, தைரியமாக அழித்துவிடு’ என்று சொன்னவன் நான்தான். அவள் அழித்தாள். சில நிமிடங்களில் சிங்க்திங் தன் வேலையைச் சரியாகச் செய்தது: ஃபோனில் இல்லாததைச் சர்வரிலும் அழித்தது. ரெய்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழித்தது. நான் கவனித்தது எட்டு நாள் கழித்து. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் எடுத்து வைத்த நகலிலிருந்து பழைய படங்கள் வந்துவிட்டன. நடுவில் இருந்த ஐந்து மாதம் வரவில்லை. எங்கள் மகள் நடக்கப் பழகிய மாதங்கள் அவை.

அதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன், இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை: ஒத்திசைவு பேக்கப் ஆகாது, ரெய்டும் பேக்கப் ஆகாது. ஒத்திசைவு எல்லா இடத்திலும் ஒரே நிலையை வைத்திருப்பதற்கு. தவறும் அந்த நிலையின் ஒரு பகுதிதான். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் தொடர்ந்து ஓடுவதற்கு. பேக்கப் என்றால் நேற்று எப்படி இருந்தது, போன மாதம் எப்படி இருந்தது என்று திரும்பிப் போக முடிய வேண்டும். சிங்க்திங்கையே வைத்துக்கொள்வதானால் ஃபோன் பக்கம் ‘அனுப்ப மட்டும்’ என்றும், சர்வர் பக்கம் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கியும் வையுங்கள். ஃபோனில் அழித்தது சர்வரிலும் அழியத்தான் செய்யும், ஆனால் பழைய பிரதி ஒரு தனி ஃபோல்டரில் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆண்ட்ராய்டுக்கான சிங்க்திங்கின் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதிலிருந்து பிரிந்த கிளைப் பதிப்புகளை மற்றவர்கள் தொடர்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர் படங்களுக்கு இம்மிச்சின் சொந்தச் செயலியையே பயன்படுத்துவது எளிது.

பேக்கப்புக்குப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 முறை இன்றும் போதுமானது. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. நான் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், போர்க் என்பதும் இதே தரம். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், அதாவது மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றி வெளியிடலாம். மாறிய பகுதிகளை மட்டும் எடுக்கும், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி (சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி) வைக்கும், ஒவ்வொரு நாளின் நிலையையும் தனித்தனியாக வைத்திருக்கும். வீட்டுக்கு வெளியே இருக்கும் நகலுக்கு ஒரு உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கும் டிஸ்க் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் மாற்றலாம். அப்படி இடமில்லை என்றால் வாடகைக் கிளவுட் சேமிப்பில் வையுங்கள். ‘கிளவுடை விட்டு வெளியே வரத்தானே இதெல்லாம்’ என்று தோன்றலாம். மறைகுறியாக்கிய நகலை அங்கே வைப்பதற்கும் உங்கள் படங்களையே அங்கே வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

அந்தச் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் பேக்கப்பைத் திறக்க வேறு வழி கிடையாது. எழுதியவர்களாலும் முடியாது. அதை வால்ட்வார்டனில் வைத்து, வால்ட்வார்டனை அதே சர்வரில் வைத்தால், சர்வர் போகும் நாளில் சாவியும் பூட்டுக்குள்ளேயே இருக்கும். ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு தாளில் எழுதினால் இன்னும் நல்லது.

அடுத்தது டேட்டாபேஸ். ஆரம்பிப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இம்மிச் உங்கள் படக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் வைக்கும். ஆனால் எந்தப் படம் எந்த ஆல்பத்தில், எந்த முகம் யாருடையது என்பதெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கும். படங்களை மட்டும் நகலெடுத்தால் படங்கள் பிழைக்கும், இரண்டு வருடம் உட்கார்ந்து வகைப்படுத்திய உழைப்பு போய்விடும். சரி, டேட்டாபேஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுத்துவிடலாமே என்றால், ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் ஃபோல்டரை அப்படியே நகலெடுப்பது நம்பத்தகுந்த பேக்கப் இல்லை. நகலெடுக்கும்போதே உள்ளே எழுதிக்கொண்டிருக்கும், பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும். சில நேரம் அது திறந்துகொள்ளும், அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதற்கென்றே உள்ள பி.ஜி. டம்ப் கருவியால் ஒரு கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பை ரெஸ்டிக்கிடம் கொடுங்கள். இம்மிச் தானாகவே இப்படி ஒரு நகலை எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுகிறது. உங்கள் பேக்கப் பட்டியலில் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வால்ட்வார்டன் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸிலும் இதே சிக்கல் உண்டு, அதற்கும் தனியாக பேக்கப் கட்டளை இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிறு காலை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு வருடத்திலிருந்தும் பத்துப் படங்களை வேறொரு கணினியில் மீட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். வருடத்துக்கு ஒருமுறை இம்மிச்சையே காலி மெஷினில் முழுதாக எழுப்புவேன். இந்தப் பழக்கம் ஆரம்பித்த இரண்டாவது முறையே பலன் கிடைத்தது. வெளி டிஸ்க் நிரம்பி, ஆறு வாரமாகப் பேக்கப் நடக்கவே இல்லை. பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் தினமும் ஓடியது, தினமும் தோற்றது, ஆனால் அந்தச் செய்தியை நான் பார்க்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லி வைக்கவில்லை. இப்போது பேக்கப் வெற்றியானால் மட்டும் ஒரு சிறு செய்தி ஃபோனுக்கு வருகிறது. செய்தி வராத நாளில் எழுந்து போய்ப் பார்க்கிறேன். தோல்வியை மட்டும் அறிவிக்கச் சொல்வதைவிட இது நம்பகமானது. மெஷினே செத்துப்போனால் தோல்விச் செய்தி அனுப்பக்கூட ஆள் இருக்காது.

இப்போது லேப்டாப்புக்கு வருகிறேன். எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் நீங்கள் சொன்னவற்றில் மெயில் தவிர எல்லாமே ஓடும். இம்மிச் முதல் தடவை எல்லா முகங்களையும் அடையாளம் காணும்போது இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்கும், அப்புறம் அமைதியாகிவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கருவிதான், என் முதல் சர்வரே அதுதான். ஆனால் டேட்டாபேஸ் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். எஸ்.டி. கார்டு அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ராஸ்பெர்ரி பையில் ஓட்டுவதானால் எஸ்.எஸ்.டி. ஒன்றும், போதுமான மின்சாரம் தரும் அடாப்டரும் வேண்டும். கையில் லேப்டாப் இருக்கும்போது அதெல்லாம் தேவையில்லை.

லேப்டாப்பை சர்வராக்குவதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மூடியை மூடினால் தூங்கிவிடும். லினக்ஸில் இதைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்பில் மூடியைக் கண்டுகொள்ளாதே என்று எழுதி வையுங்கள். வைஃபையில் விடாமல் ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம், பேட்டரி. எப்போதும் சார்ஜில் 100 சதவீதத்திலேயே கிடக்கும் லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும். என் இரண்டாவது மெஷினில் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் இருக்கிறது. இல்லையென்றாலும், பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தாலும், அதைக் கழற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மின்சாரம் போகும் நேரத்தில் அது பெரிய உதவி. எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் பாதியில் அறுபடாது.

மின்செலவு உங்கள் மெஷினில் எவ்வளவு வரும் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, ஒரு பிளக் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். கணக்கு எளிது: தொடர்ந்து 10 வாட் இழுத்தால் வருடத்துக்குச் சுமார் 88 யூனிட். பழைய டெஸ்க்டாப் ஒன்று 60 வாட் இழுத்தால் அது 525 யூனிட்டைத் தாண்டும். அதனால்தான் லேப்டாப் என்றதும் எனக்கு மகிழ்ச்சி.

ஏற்றும் வரிசைக்கு நான் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: உடைந்தால் யாருக்கு எவ்வளவு வலிக்கும்? வலி குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போன்ற ஒரு செய்தியோடை வாசிப்பான், பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டுவது. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது பலரும் முதன்முதலாகச் சொந்தமாக நிறுவிய மென்பொருள் இந்த வகைதான். உடைந்தால் நஷ்டம் எதுவும் இல்லை, ஆனால் டாக்கர் (ஒவ்வொரு மென்பொருளையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி), அப்டேட், பேக்கப் எல்லாவற்றையும் இதிலேயே பழகிவிடலாம். அடுத்து ஜெல்லிஃபின். அப்புறம் இம்மிச், அதுவும் கிளவுட் கணக்கு இருக்கும்போதே. வால்ட்வார்டன் கடைசி. அதற்கு நான் பயந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதோடு பயன்படும் பிட்வார்டன் செயலிகள் ஒவ்வொரு ஃபோனிலும் மறைகுறியாக்கிய ஒரு பிரதியை வைத்திருக்கும், சர்வர் படுத்தாலும் பழைய பாஸ்வேர்டுகளைப் பார்க்கலாம். ஆனாலும் அதுதான் கடைசி. வீடு முழுதும் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் மேலும் உங்களுக்கு ஆசை இருப்பது தெரிகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வீட்டின் டி.என்.எஸ். (தளங்களின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) அதுவாகிவிட்டால், நீங்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் இரண்டு நிமிடமும் வீட்டில் எல்லாருக்கும் இன்டர்நெட் இல்லை. பாதுகாப்புக்கு வெளி டி.என்.எஸ். ஒன்றை இரண்டாவதாகக் கொடுத்தால், கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், விளம்பரங்கள் கசிந்து வரும்.

வெளியிலிருந்து சர்வரை அடைவதற்கு ஒவ்வொரு மென்பொருளுக்கும் ரவுட்டரில் போர்ட் (உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறக்காதீர்கள். ஒரு வேளை உங்களால் திறக்கவும் முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வெளி ஐ.பி. (ரவுட்டருக்கு வெளியே உங்கள் இணைப்புக்குக் கிடைத்த முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் ஆரம்பித்தால் உங்கள் இணைப்பு பலரோடு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்கிறது என்று பொருள், அதைத்தான் சி.ஜி.நாட் என்கிறார்கள். வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி கிடையாது. பொது ஐ.பி. இருந்தால், வெளியிலிருந்து வீட்டுக்கு மறைகுறியாக்கிய தனிப் பாதை (வி.பி.என்.) அமைக்கும் வயர்கார்டு வையுங்கள், அதற்கான ஒரு போர்ட்டை மட்டும் திறந்தால் போதும். 2020 மார்ச்சில் வெளிவந்த, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பு முதல் அது கெர்னலிலேயே இருக்கிறது, அமைப்பது பத்து வரி. சி.ஜி.நாட் பின்னால் இருந்தால், அதே வயர்கார்டின் மேல் கட்டிய டெய்ல்ஸ்கேல் எளிய வழி. அதில் உங்கள் கருவிகளை ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தும் ஒருங்கிணைப்பு சர்வர் ஒரு நிறுவனத்தினுடையது என்பது உங்களுக்கு உறுத்தினால் ஹெட்ஸ்கேல் என்ற கட்டற்ற மாற்று இருக்கிறது, ஆனால் அதற்குப் பொது ஐ.பி. உள்ள ஒரு சர்வர் எங்காவது வேண்டும். முதல் வருடத்தில் அந்தக் கொள்கைப் பிரச்சினையை ஒத்திப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இதோடு சேர்த்து ஒரு கண்ணி. யூ.எஃப்.டபிள்யூ. ஃபயர்வால் போட்டு எல்லாவற்றையும் அடைத்துவிட்டதாக நினைப்பீர்கள். டாக்கர் ஒரு கண்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது கெர்னலின் விதிகளில் தானே நேரடியாக எழுதிவிடும். யூ.எஃப்.டபிள்யூ. அடைப்பு என்று காட்டினாலும் அந்தப் போர்ட் திறந்தே இருக்கும். வீட்டில் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் உடனே ஆபத்து இல்லை. வாடகைச் சர்வரில் இதையே செய்தால் உங்கள் டேட்டாபேஸ் உலகத்துக்கே திறந்திருக்கும். போர்ட் எண்ணுக்கு முன்னால், ‘இந்த மெஷினுக்குள் மட்டும்’ என்று பொருள்படும் 127.0.0.1 என்பதைச் சேர்த்து எழுதும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்டேட் பற்றி. அடித்தளத்துக்கு டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக ஏற்றிக்கொள்ளும்படி வைத்துவிடலாம், பத்து வருடத்தில் அது எனக்குப் பெரிய தொல்லை கொடுத்ததில்லை. ஆனால் டாக்கர் கண்டெய்னருக்குள் இருப்பதை டெபியன் தொடாது, அது உங்கள் பொறுப்பு. அங்கே பதிப்பு எண்ணுக்குப் பதில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதி வைக்கக் கூடாது என்பதை ஒரு சனிக்கிழமை இரவில் கற்றேன். போஸ்ட்கிரெஸுக்கு அப்படி எழுதியிருந்தேன். புதிய பெரிய பதிப்பு இறங்கியது, பழைய பதிப்பின் டேட்டாவைத் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. டேட்டா எங்கும் போகவில்லை. பழைய பதிப்பு எண்ணை எழுதி மறுபடி ஓட்டியதும் வந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ளும் வரை கழிந்த நான்கு மணி நேரம்தான் கொடுமை. பதிப்பு எண்ணை எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள், ஏற்றும் முன் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒரே நாளில் பல படி ஏற வேண்டியிருக்கும்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் பெரும்பாலான மாலைகள் போகும், அது சந்தோஷமாகவும் இருக்கும். பிறகு எனக்கு மாதம் இரண்டு மணி நேரம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு நாள் முழுதாகப் போய்விடுகிறது, அந்த நாளை நாம் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. இது என் கணக்கு. நீங்கள் பத்து மென்பொருள் ஏற்றினால் வேறு மாதிரி இருக்கும்.

மெயில் சர்வர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதில் தவறு நடந்தால் அது உங்களுக்கே தெரியாது. நீங்கள் அனுப்பியது மற்றவரின் ஸ்பேம் பெட்டியில் அமைதியாகக் கிடக்கும். வீட்டு இணைப்புகளில் மெயில் அனுப்பத் தேவையான 25ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. வீட்டு ஐ.பி.யிலிருந்து வரும் மெயிலைப் பெரிய சேவைகள் நம்புவதில்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புபவரின் அடையாளச் சோதனைகளை இன்னும் இறுக்கியிருக்கின்றன. அதை முறையாக ஓட்டும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். நான் ஒன்றரை மாதம் முயன்று நிறுத்தியவன். நடுவழி ஒன்று இருக்கிறது: டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) உங்களுடையதாக இருக்கட்டும், மெயிலை ஒரு கட்டணச் சேவை நடத்தட்டும். நாளைக்குச் சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. அதே டொமைனை வைத்து, டி.என்.எஸ். வழியாக, ஹெச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழும் வாங்கலாம், அதற்கு ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். வால்ட்வார்டனின் வலைப்பக்கம் ஹெச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் வேலை செய்யாது என்பதால் இது உங்களுக்கு எப்படியும் தேவைப்படும்.

ஆங்கில வழிகாட்டிகளில் நான் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு சிக்கல் வரும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்து அல்லது துணைக்குறிக்கும்) மூன்று. ‘கு’ என்பதே இரண்டு குறி, ஆறு பைட். ஆக 85 குறிகளோடு பெயர் முடிந்துவிடும். ஆவணங்களுக்கு நீளமான தமிழ்ப் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தால் நகலெடுக்கும்போது திடீரென்று பிழை வரும், காரணம் புரியாது. இரண்டாவது, ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ ஆகிய மூன்றையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை இவற்றைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த ‘தோட்டம்’ ஃபோல்டரும் ஃபோனிலிருந்து வந்த ‘தோட்டம்’ ஃபோல்டரும் லினக்ஸில் இரண்டு தனித்தனி ஃபோல்டர்களாக நிற்கும். ஏன் பாதிப் படங்கள்தான் இருக்கின்றன என்று நான் ஒரு முழு மாலை தேடியிருக்கிறேன். கான்வ்எம்வி என்ற சிறு கருவி எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும். ஆவணங்களை ஸ்கேன் செய்து பேப்பர்லெஸ் மென்பொருளில் வைக்கும் எண்ணம் இருந்தால் அதன் அமைப்பில் தமிழைத் தனியாகச் சேர்க்க வேண்டும், தானாக வராது. சேர்த்தபின் தெளிவான அச்சை நன்றாகவே படிக்கிறது. கையெழுத்தை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் பயத்தில் இன்னொரு பங்கும் இருக்கிறது, அது வீட்டில் இருப்பவர்கள் பற்றியது. உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் படுத்துவிட்டால், அவர்களால் படங்களை எடுக்க முடியுமா? கிளவுடில் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழாது, ஒரு பாஸ்வேர்டு தெரிந்தால் போதும். நம் வீட்டு சர்வரில் அப்படி இல்லை. நான் இதற்கு இரண்டு ஏற்பாடு வைத்திருக்கிறேன். இம்மிச்சில் சேமிப்பு வடிவம் என்றொரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால் படங்கள் புரியாத எண்பெயர்களில் இல்லாமல் வருடம், மாதம் என்று சாதாரண ஃபோல்டர்களில் உட்காரும். அந்த ஃபோல்டர்களை மட்டும் மாதம் ஒருமுறை ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில், மறைகுறியாக்காமல், எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில் நகலெடுத்து பீரோவில் வைக்கிறேன். மறைகுறியாக்காதது பாதுகாப்புக் குறைவுதான், அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் திருடன் வருவதைவிட நான் இல்லாமல் போவது அதிக சாத்தியம் உள்ளது என்று கணக்குப் போட்டேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். கூடவே ஒரு தாள், தொழில்நுட்ப வார்த்தை இல்லாமல்: இந்த டிஸ்க்கை எந்தக் கணினியில் வேண்டுமானாலும் செருகு, படங்கள் இருக்கும்; சர்வரைச் சரிசெய்ய முயல வேண்டாம், அணைத்துவிடு; கிளவுடுக்குத் திரும்பிப் போக விரும்பினால் இந்த ஃபோல்டரை அப்படியே ஏற்று. என் மனைவி அதைப் படித்துவிட்டு, நான் பக்கத்தில் இல்லாமல் ஒருமுறை செய்து பார்த்தாள். இருபது நிமிடத்தில் முடித்தாள். அன்றைக்குத்தான் எங்கள் கிளவுட் கணக்கை மூடினோம்.

கட்டற்ற மென்பொருள் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்கு, வரலாறு ஓரளவு தைரியம் தருகிறது. ஓன்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்பு மென்பொருளை ஆரம்பித்தவரே விலகி வந்து 2016இல் நெக்ஸ்ட்கிளவுடைத் தொடங்கினார். எம்பி என்ற சினிமா சர்வர் மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து ஜெல்லிஃபின் கிளைத்தது. உரிமம் இடம் கொடுத்ததால் பயனர்கள் தெருவில் நிற்கவில்லை. ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் அப்படி யாராவது வருவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் கோப்புகளைக் கோப்புகளாகவே வைத்திருக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறேன். மென்பொருள் போனாலும் ஃபோல்டர் இருக்கும். செலவு மிச்சமாகுமா என்றால், டிஸ்க், மின்சாரம், வெளி நகல் எல்லாம் சேர்த்தால் எனக்குப் பெரிதாக மிச்சமாகவில்லை. அதை முக்கியக் காரணமாக வைத்து இறங்க வேண்டாம்.

இந்த வாரம் எதையும் நிறுவாதீர்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் கருவியால் அந்த லேப்டாப் டிஸ்க்கின் நிலையை மட்டும் பாருங்கள். அது ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் 5 என்ற எண்ணுள்ள ரீஅலொகேட்டட் செக்டர், 197 என்ற எண்ணுள்ள பெண்டிங் செக்டர், இந்த இரண்டு வரிகளின் கடைசி மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் டிஸ்க் சாகாது என்று அர்த்தம் இல்லை. பூஜ்யம் இல்லை என்றால் அதில் படம் வைக்கக் கூடாது, அது நிச்சயம். அப்படியே ரவுட்டரில் வெளி ஐ.பி.யின் முதல் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு ஐ.பி.யைப் பொதுவில் போட வேண்டாம். இவற்றோடு லேப்டாப்பின் மாடல் பெயரையும் எழுதினால், எந்த எஸ்.எஸ்.டி. பொருந்தும், வயர்கார்டா டெய்ல்ஸ்கேலா என்று பார்த்துச் சொல்கிறேன்.